இளைய இளவரசனின் குரல்

ரபீக்கா: இன்னொருக்கா சாகச் சொல்றாங்க, மஜீட் நானா.

மஜீட்: இன்னும் எப்பிடிச் சாகிற? இருமி இருமித் தொண்ட புண்ணாப் போச்சு.

ரபீக்கா: திரையில அந்த நடிகர் வாய மூடிட்டாரு. தமிழ்ல ஒங்கட இருமல் மட்டும் இன்னும் போய்க்கொண்டிரிக்கி.

மஜீட்: நாலு வருஷமா இந்த சுல்தானுக்கு டப்பிங் குடுத்தவன் நான். மவுத்தாகிற நேரம் கொஞ்சம் கூட இருமினா என்ன?

ரபீக்கா: டீவில பார்க்கிற சனம் சிரிக்கும். இந்த இஞ்சித் தேத்தண்ணியக் குடிங்க.

மஜீட்: ம்... எனக்குப் பொறகு யாரு பேசுற?

ரபீக்கா: நான்தான், மூத்த ராணி. நீங்க மவுத்தானத ஒருத்தருக்கும் சொல்லாம மறைக்கிறேன். எல்லைல சண்டைக்குப் போன எண்ட மகன் வந்து சேரும் வரைக்கும்.

மஜீட்: அரண்மனைல அத்தன வேலக்காரர், வைத்தியர்... எப்பிடி மறைக்கிற?

ரபீக்கா: வேளைக்கு வேள சாப்பாடு உள்ளுக்கு வரும். நானே சாப்பிட்டு வெறுந்தட்ட வெளிய அனுப்புவேன்.

மஜீட்: நான் மய்யித்தாக் கிடக்கிறேன், நீங்க பக்கத்துல இருந்து சாப்பிடுறீங்க!

ரபீக்கா: அழுது அழுதுதான் சாப்பிடுறேன், நானா. வாய் நிறைய வெச்சிக்கொண்டு அழோணும். அதுக்குத்தான் இந்த மீன் வெச்ச மாலுபாண்.

மஜீட்: சரி, சரி. அப்ப மூத்தவன்தான் அடுத்த சுல்தான். அவண்ட குரல எனக்குத் தரச் சொல்லிக் கேட்டிரிக்கேன்.

ரபீக்கா: அவனுக்கு இருபத்தஞ்சு வயசு!

மஜீட்: மைக்குக்கு எண்ட தல நரைச்சது தெரியுமா?

ரபீக்கா: ஆனா... அவனுக்கு சிம்மாசனம் கிடைக்கிறல்லயே.

மஜீட்: ஏன்?

ரபீக்கா: எளைய ராணிக்குப் பத்து வயசுல ஒரு மகன் இரிக்கான்தானே. விஷயம் தெரிஞ்சதும் சபைல எழும்பிடுவான். "வாப்பாவ அடக்காம வெச்சிக்கொண்டு யாருக்குக் கிரீடம்? முதல்ல அவர அடக்குங்க. பொறகு என்ன வெட்டோணும்டா வெட்டுங்க" எண்டு சொல்வான். தளபதிமார் எல்லாம் அவன் பக்கம் சாய்ஞ்சிடுவாங்க.

மஜீட்: ...அந்தப் பேச்ச யாரு பேசுற?

ரபீக்கா: யாரோ... புதுப் பிள்ள.

மஜீட்: பொம்புளப் பிள்ளையா?

ரபீக்கா: சின்னப் பொடியன்மாருக்குப் பொம்புளைங்கதானே பேசுற.

மஜீட்: நல்லாப் பேசுறாவா?

ரபீக்கா: நேத்துப் பேசினா. ரெக்கோடிங் செய்ற சிங்களத் தம்பி ஹெட்போனக் கழட்டிட்டுக் கண்ணத் தொடச்சான். அவனுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும்.

மஜீட்: யாருட பிள்ள?

ரபீக்கா: கிராண்ட்பாஸ் ரோட்டுப் பக்கம் போல...

மஜீட்: நானும் கிராண்ட்பாஸ்தானே. யாருண்டு சொல்லுங்க, தெரிஞ்சிரிக்கும்.

ரபீக்கா: நானா... கோவப்பட மாட்டேண்டு சொல்லுங்க முதல்ல.

மஜீட்: சொல்லுங்களன்.

ரபீக்கா: ஒங்கட மகள் ஸும்றா. நீங்க அவளுக்கு இந்த வேல வேணாம்டு சொன்னீங்களாம். பொறுக்க ஏலாம என்கிட்ட வந்தா. "நான் மஜீட்ட மகள்ண்டு இங்க ஒருத்தருக்கும் சொல்லாதீங்க மாமி. வாப்பாட சிபாரிசுல வந்தேண்டு நாளைக்கு ஒருத்தர் பேசப்படாது" எண்டா. அதான் நானும் வாய மூடிக்கொண்டிருந்தேன். ஏசோணும்டா என்ன ஏசுங்க, அவள ஏசாதீங்க... மஜீட் நானா? என்னத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நிக்கிறீங்க?

மஜீட்: போன மாசம் டைரக்டர் எண்ட போனுக்கு மூணு குரல் அனுப்பினாரு. பேர் போடல்ல. "எளைய இளவரசனுக்கு எது பொருந்தும், நீங்களே சொல்லுங்க" எண்டாரு.

ரபீக்கா: யா அல்லாஹ்... அப்ப ஒங்களுக்கு...

மஜீட்: முதல் சொல்லுலயே தெரிஞ்சிட்டு, அது எண்ட பிள்ளைண்டு. "வேற யாரிட்டயாவது கேளுங்க"ண்டு சொல்லிட்டுப் போன வெச்சிட்டேன். அவளாத்தான் வந்தா. அந்தக் குரலயும் அவளாத்தான் புடிச்சா.

ரபீக்கா: எல்லாம் தெரிஞ்சிக்கொண்டா மூத்தவண்ட குரலுக்கு அந்தப் பாடுபட்டீங்க? அவன் தோத்துத்தானே போறான்!

மஜீட்: அடுத்த கிழம ரெண்டு இளவரசரும் சபைல நேருக்கு நேர் நிண்டு பேசுறாங்க, ரபீக்கா. அவளுக்கு முன்னால நிண்டு தோக்கிற பாக்கியத்த நான் வேற எவனுக்கும் குடுக்கமாட்டேன்.