சுவருக்கு ஒரு ஜீரோ

பீரில் நுரை இரண்டு விரலுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. டிரைவர் ஒத்துக்கொள்ளமாட்டான். பல் கூசுகிற அளவுக்கு ஜில்லென்று இருந்தால் போதும், மற்றதெல்லாம் வெட்டிப் பேச்சு என்பான். வாத்தியார் கோதுமை பீரை மருந்து மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார். சுவருக்குக் கருப்பு பீர்தான் வேண்டும், அதுவும் கஷாயம் மாதிரிக் கசக்க வேண்டும். இதைப் பற்றி ஒன்பது வருஷமாக நாங்கள் நாலு பேரும் சண்டை போட்டோம், ஐயா. ஞாயிறு மதியம், அதே மேஜை, மேலே டி.வி.யில் எங்கள் அணியின் ஆட்டம். யாரும் யாரையும் ஜெயித்ததில்லை. ஜெயிக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசையும் இல்லை.

சுவர் என்பது அவன் பட்டப்பெயர். இளவயதில் தொழிற்சாலை அணிக்குக் கோல்கீப்பராக நின்றவன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பின்னறையில் மிஷினும் நானும். வாரத்தில் ஆறு நாள் என்னிடம் யாரும் பேச வேண்டிய அவசியம் இருக்காது; சீட்டில் பவர் எழுதி ஜன்னல் வழியே நீட்டிவிடுவார்கள். என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஞாயிறு எனக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் சுவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்தார். சுவர் அன்றைக்கே நிறுத்தினான். அவனால் அது முடிந்தது. அவன் மனைவி, தையல்காரி, என் கடை வாசலுக்கே வந்தாள்.

"அண்ணா, அவரு உங்ககூட உக்காந்து மேட்ச் பாக்கறத மட்டும் நான் தடுக்கல. அதுவும் இல்லன்னா ஆளு ஒடிஞ்சிடுவாரு. நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன்."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன்.

அதன்பிறகு அவனுக்கு ஜீரோதான். போதை இல்லாத பீர். எங்கள் பாரில் கவுண்டருக்குப் போய் நாமே வாங்கி வர வேண்டும். டிரைவருக்கு முட்டி வலி, வாத்தியாருக்குச் சோம்பல். ஆகவே எப்போதும் நான்தான் போவேன். "சுவருக்கு ஒரு ஜீரோ" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

ஆனால் சுவர் மாறிவிட்டான். நடுவரைத் திட்டமாட்டான். டிரைவர் வம்புக்கு இழுத்தாலும் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பான். பாதி ஆட்டத்தில் எழுந்து, "வரேன்டா, அவளோட கடைக்குப் போகணும்" என்பான். அவன் எழுந்தால் வாத்தியாரும் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான்: "அடுத்த சீசன்லேர்ந்து வீட்லயே பாத்துக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கும் நான் ஒரு பாரமா..."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் மூன்று ஜோடி லென்ஸைத் தப்பாகத் தேய்த்தேன்.

முதல் தடவை நான் செய்யவில்லை, ஐயா. இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கவுண்டர்காரர்தான் கூட்டத்தில் ஜீரோவுக்குப் பதில் நிஜ பீரை ஊற்றிவிட்டார். நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. மாத்திரைகளால் சுவருக்கு நாக்கு மரத்துப்போயிருந்தது. எதைத் தின்றாலும் மண்ணு மாதிரி இருக்கு என்பான். அன்றைக்கு அவன் கடைசி விசில்வரை இருந்தான். நடுவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்தான். வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது சுவர் என் தோளில் கை போட்டு, "இந்த ஜீரோ பரவாயில்லடா, குடிக்காமயே ஏறுது" என்றான்.

அடுத்த ஞாயிறு நானே கேட்டு வாங்கினேன். ஒரே நிறம், ஒரே கோப்பை. அப்படிப் பதினான்கு ஞாயிறுகள். ஒவ்வொரு வாரமும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொள்வேன். அதையும் உண்மையாகத்தான் நினைத்தேன்.

பதினைந்தாவது வாரம், புதன்கிழமை காலை, ரத்தமாக வாந்தி எடுத்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் மனைவி கட்டிலிலிருந்து தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"பரிசோதனைல தெரிஞ்சுபோச்சுண்ணா. குடிச்சிருக்காரு. இப்பவும் தொடவே இல்லன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்றாரு."

சுவர் என்னைப் பார்த்தான். கண் மஞ்சளாக இருந்தது. "நீ சொல்லுடா இவகிட்ட. நான் தொட்டனா?"

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். நான் அவள் பக்கம் திரும்பி, "விடும்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி. சுவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கும் விளங்கியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாலு நாள் கிடந்தான். அந்த நாலு நாளும் அவள் உடம்பு துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே போய்விட்டான்.

அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஐயா. நானாக வந்ததற்குக் காரணம் வேறு. சுவர் போனதில் டிரைவர் பயந்துவிட்டான். அவனுக்கும் சர்க்கரை, கொழுப்பு என்று ஏதேதோ. நேற்று உட்கார்ந்ததும், "எனக்கும் ஜீரோவே வாங்கிட்டு வாடா. பாதி மேட்ச் பாத்துட்டுக் கெளம்பறேன்" என்றான்.

நான் கவுண்டருக்குப் போனேன். கோப்பையை அவன் முன்னால் வைத்தேன். நுரை சரியாக இரண்டு விரல். அவன் வாயில் வைக்கும்போது தட்டிவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. தட்டிவிடவில்லை. அவன் கடைசிவரை இருந்தான்.

நான் சுவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கதவைப் பூட்டுவதாக இருந்தால் இன்றைக்கே பூட்டிவிடுங்கள். விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வருகிற ஞாயிறு பெரிய ஆட்டம். நான் போகாவிட்டால் அவர்கள் பாவம், என்ன செய்வார்கள்?