பாரீஸ் வழியாகச் சாப்பாடு

முதலியார்பேட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"எங்க வீட்ல சோறு ஆயிடுச்சுன்னா பாரீஸுக்குப் போன் போடணும்."

"ஏங்க்கா?"

"வூட்டுக்காரரோட ஆறு மாசமாப் பேச்சு இல்ல. நான் பாரீஸ்ல இருக்கிற பையனுக்குச் சொல்லுவேன். அவன் அங்கேர்ந்து அவருக்குச் சொல்லுவான். அவரு அடுத்த ரூம்லேர்ந்து சாப்புட வருவாரு."

"அந்தப் புள்ளைக்கு வேற வேலை இல்லையா?"

"அதான் நேத்து போனை எடுக்கல. சோறு ஆறுது. நேராப் போயி, 'உங்க புள்ள எடுக்க மாட்டேங்கிறான்'னேன். 'எனக்குந்தான் எடுக்கல'ன்னாரு. அப்புறம் சாப்புட்டுக்கிட்டே ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அவனைத் திட்டினோம்."

"அப்ப ராசியாயிட்டீங்க."

"காலையில அவனே கூப்புட்டான். எடுக்காதன்னு அவருதான் என்கிட்ட சொன்னாரு."