எக்காளம் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஜவுளி வணிகர், பண்பாளர் பகவதியப்பன் அண்ணாச்சி அவர்களே! போதகர் ஐயா அவர்களே! முன்வரிசையில் முறுக்கிய மீசையோடு அமர்ந்திருக்கும் என் மாமனார், சபை டீக்கன் ராஜையன் அவர்களே! அன்னமிட்டு ஆளாக்கிய அருமைத் தாய்மார்களே! பந்தலில் இடம் போதாமல் வெயிலில் நிற்கும் அன்பர்களே! இரணியல் மண்ணில் பிறந்து, இருபது ஆண்டு ஆகாயத்தில் அலைந்து, இந்த 1938-இல் ஓய்வு பெற்று வந்து நிற்கும் நேசையனின் பணிவான வணக்கம்!

பட்டாள விமானியாகவும் பயிற்சி ஆசிரியனாகவும் வாழ்ந்த கதையைச் சொல் என்றார் தலைவர். எதைச் சொல்ல? ஜெர்மன் யுத்தம் முடியும் தறுவாயில், மீசை முளைக்கும் முன்னே, மரச்சட்டமும் துணியும் கம்பியுமான விமானத்தில் ஏறினேனே, அதைச் சொல்லவா? மழையிலே பறந்தேன், மணற்காற்றிலே பறந்தேன், மலைமுகட்டிலே பறந்தேன். மாமனார் வீட்டு வாசலில் மட்டும் நடுங்கி நின்றேனே, அதைச் சொல்லவா?

சிரிக்கிறீர்கள். சரி, அதையே சொல்கிறேன்.

மாமா மகள் ராகேலை எனக்குப் பெண் கேட்டோம். மாமா என்ன சொன்னார் தெரியுமா? "ஏலே, தரையில நிக்காதவனுக்கு எம் பிள்ளயக் குடுத்துட்டு, நான் தெனமும் வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா? நீ விழுந்தா யாருடே பெறக்குவா?" இதுதானே மாமா சொன்னீர்கள்? ஆமாம் என்று தலையாட்டுகிறார்!

வேதாகமத்திலே யாக்கோபு, மாமன் லாபானின் மகள் ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்தான். ஏழாம் வருஷம் மூத்தவளைக் கொடுத்து ஏமாற்றினாலும், லாபான் ஏதோ ஒரு பெண்ணையாவது கொடுத்தான். என் மாமாவோ எட்டாம் வருஷமும் இல்லை என்றார்! ராகேலும் வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்றாள். கடைசியில் அஞ்சுகிராமத்து மாப்பிள்ளை ஒருவருக்கு மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். நிச்சயதார்த்தம்தான் பாக்கி.

அது 1929. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையாகத் திருநெல்வேலிவரை விமானம் கொண்டுவந்திருந்தேன். மனசு கேட்குமா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பின்னாலிருந்து தள்ள, வேளிமலையை வலப்புறம் விட்டு, ராகேலை ஒருமுறை பார்த்துவிட வந்துவிட்டேன். கீழே நம் சபைக் கோயிலில் ஆராதனை. உபதேசியார் வாசித்துக்கொண்டிருந்த பாடம் எது? கடைசி நாளில் வானத்திலே எக்காளம் முழங்கும் என்ற பாடம்!

அந்த நேரம் பார்த்துக் கூரைக்கு மேலே என் விமானம் கர்ஜித்தால் என்ன ஆகும்? மணி அடித்தது. கடைசி நாள் வந்துவிட்டது என்று மண்டியிட்டது சபை. செல்லபாய் அக்கா பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து, "ஏட்டி, உன் செவலக் கோழியக் கொழம்பு வச்சது நான்தான், மன்னிச்சிரு!" என்று அழுதாள். முகத்தை மூடாதீர்கள் அக்கா, கோழி உங்களை மன்னித்துவிட்டது! நம் தலைவரோ கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கோயிலுக்குள் ஓடிவந்து, "எனக்கும் ஒரு எடம் குடுங்கடே" என்றாராம்!

என் மாமா? சபை நடுவே எழுந்து நின்றார். "ஆண்டவரே, நான் பிடிவாதக்காரன். எம் மக ராகேல நேசையனுக்கே தந்தேன்!" என்று முழங்கினார். எக்காளம் மேற்கே போய் மறைந்தது. மாமாவின் வாக்கு மட்டும் மறையவில்லை. கோயிலில் கொடுத்த வாக்கு, டீக்கன் கொடுத்த வாக்கு, மீற முடியுமா? எஞ்சின் சத்தத்துக்குப் பயந்து பெண் கொடுத்தவர் என்று ஒன்பது வருஷமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் மாமாவைக் கேலி செய்துவருகிறேன்.

பிறகு கராச்சியில் ஆசிரியனானேன். பழகும் விமானத்தில் இரண்டு இருக்கை, இரண்டு கைப்பிடி, பேசிக்கொள்ள ஒரு குழாய். பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது. அவசரப்படாதே என்று சொல்ல "பைய மக்கா, பைய" என்றுதான் வரும். இன்றைக்கும் பஞ்சாபி வாலிபர்கள் "பைய மக்கா" என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டுதான் விமானத்தை இறக்குகிறார்கள்! ஆனால் அன்பர்களே, மாணவனை முதல்முறை தனியே அனுப்பும் நாள் இருக்கிறதே, அன்று நான் இறங்கி மண்ணில் நிற்க வேண்டும். கைப்பிடி இல்லை, குழாய் இல்லை, கண் மட்டும்தான் உண்டு. அவன் திரும்பி வந்து இறங்கும்வரை வானத்தை விட்டு அந்தக் கண்ணை எடுக்க மாட்டேன். யுத்தத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

என்ன மாமா, எழுந்துவிட்டீர்கள்? என்ன? ...என்ன சொல்கிறீர்கள்?

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? நானே சொல்கிறேன். மாமா சொல்கிறார்: "ஏலே, எக்காளத்துக்கு றெக்கையும் சக்கரமும் உண்டாடே? ஜன்னல் வழியா நான் பாத்தாச்சு. தென்னந்தோப்புக்கு மேல நீ சரிஞ்சு திரும்பினப்ப எங் கொல நடுங்கிச்சு. பொறவு நிமிந்து நேரா போன. இவன் விழமாட்டாம்னு கண்டுட்டுதான் குடுத்தேன். ஆண்டவர் பேரச் சொல்லாம அஞ்சுகிராமத்துக்காரன்கிட்ட வாக்கு மாற எனக்கு வேற வழி இல்லல்லா!"

ஐயோ! ராகேல், உனக்கும் தெரியுமா? சிரிக்கிறாளே! ஊரிலே தெரியாதவன் நான் ஒருவன்தானா?

"ஆமா" என்கிறீர்கள்! நல்லது, நல்லது!

சபையோரே, என்னத்தைச் சொல்ல! ஒன்பது வருஷம் நான் கேலி செய்தேன். ஒன்பது வருஷம் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். மண்ணில் நின்று, மனம் நடுங்கி, ஆனாலும் மகளை என்னோடு அனுப்பினாரே! பிடித்து வைப்பதா பாசம்? பூட்டி வைப்பதா பாசம்? பயந்துகொண்டே பறக்கவிடுவதல்லவா பாசம்! கராச்சியில் நான் கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்கு முன்னே இரணியலில் நடத்திக் காட்டிய ஆசிரியர் இவர் அல்லவா!

தலைவர் எனக்குச் சூட்டிய இந்த மாலை எனக்குரியதல்ல. மாமா, கொஞ்சம் குனியுங்கள், உங்கள் கழுத்தில் போடுகிறேன். கண்ணைத் துடையுங்கள், எனக்கும் வருகிறது.

தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, வெயிலில் நின்றவர்களுக்கு இரட்டை நன்றி! எல்லோருக்கும் தோத்திரம்! எல்லோருக்கும் வணக்கம்!