கடைசி ரிப்பன்

பழைய காரைப் புதுப்பிப்பதில் எஞ்சின்தான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கதவு ரப்பர்தான் உயிரை வாங்கும். எஞ்சின் தன் குறையைச் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். ரப்பர் சொல்லாது. அரை விரல் அகலம் விட்டுப்போனால் போதும், மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, தரைத் தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும். எங்கள் அப்பாவின் கார் பதினோரு வருடம் கொட்டகையில் நின்று அப்படித்தான் கெட்டது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், அய்யா. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் மெக்கானிக் இல்லை. பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், என் பட்டறையில் பல் தயாராகும். அப்பா போனபின் கொட்டகைச் சாவி என்னிடம் வந்தது. காரின் காகிதம் மட்டும் தம்பி பெயரில் இருந்தது.

"காகிதம் கிடக்குது, விடு அண்ணா. உன் கை பட்டாத்தான் இது கார். இல்லேன்னா கோழிக்கூண்டு," என்றான் அவன். இருவரும் சிரித்தோம்.

ஆறு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல் அதில் கை வைத்தேன். கார்புரேட்டருக்குள் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. பெட்ரோல் அதன் வழியாக அளவோடு வந்துதான் காற்றில் கலக்கும். துளை அடைத்துக்கொண்டால் அவசரக்காரர்கள் கம்பியால் குத்துவார்கள். துளை பெரிதாகி எஞ்சின் குடிகாரனைப்போலப் பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கிவிடும். பல் வேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் நான் அதைச் சுத்தம் செய்தேன். ஒரு துளைக்கு ஒரு மாலை முழுவதும் போனது. கதவு ரப்பரை நான்கு முறை பிரித்து ஒட்டினேன். அதன்பின் கதவைச் சாத்தினால் வெளியே மழை பெய்வதே உள்ளே கேட்காது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டறையில் வேலை முடியாத செட்டில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டிவைப்பேன், யாரும் தவறி டாக்டருக்கு அனுப்பிவிடக்கூடாது என்று. காரிலும் அதையே செய்தேன். பாக்கியுள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டீயரிங்கில் ஒரு ரிப்பன். என்ன வேலை என்று எழுதுவது கிடையாது, எனக்குத் தெரிந்தால் போதும். ஒரே ஒரு ரிப்பன் இருந்தாலும் வண்டி கொட்டகையை விட்டு நகரக்கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். ஒரு சமயம் முப்பத்தெட்டு ரிப்பன் தொங்கின.

"பெரியப்பா, காருக்குச் சடை பின்னியிருக்கீங்களா?" என்று தம்பி மகள் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. அவிழ்க்கிற ரிப்பனெல்லாம் அவளுக்குத்தான் போகும்.

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் தம்பியின் படம் வந்தது. பானெட்டைத் திறந்துவைத்து, கையில் என் தூரிகையோடு நிற்கிறான். 'அப்பாவின் காருக்கு உயிர் கொடுத்த மகன்' என்று தலைப்பு. எஞ்சினைவிடக் கதவு ரப்பர்தான் கஷ்டம் என்று சொல்லிப் புன்னகைக்கிறாராம். கம்பியால் குத்தக்கூடாதாம். ஒரு மாலை முழுவதும் போனதாம். கடைசி வரியில், வீட்டில் எல்லோரும் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று நன்றி சொல்லியிருந்தான். அந்த 'எல்லோரும்' நான்.

அன்றே போன் செய்தான். "அண்ணா, அந்தப் பத்திரிகைப் பொண்ணு மளமளன்னு கேட்டுக்கிட்டே போச்சு. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதே. நாளைக்கே பொட்டலம் கட்டப் போற பேப்பர்."

"பரவாயில்லடா. போட்டோ நல்லா வந்திருக்கு," என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் இருந்த ஆறு பிரதிகளையும் வாங்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்து, பழைய கார்களின் கண்காட்சிக்கு அவனை அழைத்தார்கள். ஆறு மணி நேரப் பயணம். இரண்டு பேருக்கு அனுமதி. மகளை அழைத்துப்போவதாகச் சொன்னான். "அடுத்த வருஷம் உன்னையும் கூட்டிட்டுப் போறேண்ணா," என்றான். என் காரில் என்னை.

அப்போது ஒரு ரிப்பன் பாக்கி இருந்தது. பெட்ரோல் எரிந்த புகை வெளியேற, வண்டியின் வயிற்றுக்கடியில் பின்பக்கம்வரை ஒரு குழாய் போகிறது. பின் சீட்டுக்கு நேர் கீழே அந்தக் குழாயில் விரிசல் இருந்தது. அதற்கு மேலே, தரைத் தகட்டில், துரு தின்ற ஓட்டை. புகையில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒரு வாயு உண்டு. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும். ஜன்னல் திறந்திருந்தால் அவ்வளவாகப் பயமில்லை. புதுக் குழாய்க்குச் சொல்லிவைத்திருந்தேன்.

புறப்படுகிற நாள் காலையில் மழை கொட்டியது. தம்பி குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான்.

"ரிப்பன் எல்லாம் அவுத்தாச்சா அண்ணா?"

"அவுத்தாச்சு," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவிழ்த்திருந்தேன், என் கையில்தான் இருந்தது. குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "எனக்கா பெரியப்பா?" என்றாள். தலையில் கட்டிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் பின் சீட்டில்தான் உட்காரவேண்டும் என்று சொல்லி, பெல்ட்டையும் நானே போட்டுவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணா, பாப்பா தலை வலிக்குதுங்கறா. எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு. புதுப் பெயிண்ட் வாசனையா இருக்குமோ? ஜன்னலைத் திறந்தா மழை உள்ள அடிக்குது."

"ஜன்னலைத் திறக்காதே, சீட் பாழாயிடும். ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்சம் கண் அசருங்க. எஞ்சினை மட்டும் அணைச்சிடாதே. சூட்டுல அணைச்சா மறுபடி பிடிக்காது."

"நீ சொன்னா சரிதான். உன்னை விட்டா இந்த வண்டியைப் பத்தி யாருக்குத் தெரியும்," என்றான்.

அதை என்னிடம் சொன்னான். பத்திரிகையில் சொல்லவில்லை.

இயந்திரத்தைப் பொறுத்தவரை நான் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். சாலையோரத்தில் அவர்களை நீங்கள் கண்டுபிடித்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்று உங்கள் ஆள் சொன்னார். நின்ற இடத்தில் நாலு மணி நேரம், ஒரு விக்கல் இல்லாமல். அந்த வயதுள்ள எஞ்சினுக்கு அது லேசான காரியமில்லை.

புதுக் குழாய் பத்து நாளைக்கு முன்பே வந்துவிட்டது. என் பட்டறை அலமாரியின் கீழ்த்தட்டில், பிரிக்காமல் இருக்கிறது. மாட்ட ஒரு மணி நேரம் போதும். எனக்குத் தெரிந்துதான் மாட்டவில்லை. தெரிந்துதான் ரிப்பனை அவிழ்த்தேன். தெரிந்துதான் ஜன்னலைத் திறக்காதே என்றேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

குழந்தையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவளை மட்டும் இறக்கிவிட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பான். என்ன சொல்வது? தம்பி மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறார்கள். அவளுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

நீங்கள் எழுதியதை முழுவதும் படித்துவிட்டேன், அய்யா. நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போட ஒன்றே ஒன்றுதான் தடை. முதல் பக்கத்தில், 'இறந்தவர் தாமே புதுப்பித்த கார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். உடனே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.