அக்காவுக்குப் பச்சை

மாட்டுத்தாவணியிலிருந்து நாகமலை புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை. டிக்கெட் வாங்கியதும் அவர் சொன்னார்:

"எங்க அக்கா நல்லாருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சு மாப்ள. நம்பிட்டேன்."

"கம்ப்யூட்டரா?"

"கொரோனா சமயத்துல யாரெல்லாம் மனசொடிஞ்சு போவாகன்னு முன்னாடியே கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரப் பழக்குனோம்ல. வீடு வீடா போன் போட்டு, தூக்கம் வருதா, அழுக வருதான்னு கேட்டு, பதில அதுல ஏத்துவோம். ஆனையூர்ல அக்காவுக்கும் போட்டாக. பச்சை காட்டுச்சு. பயமில்லன்னு அர்த்தம்."

"பெறகு எப்படி ஆஸ்பத்திரில சேக்குற அளவுக்குப் போச்சு?"

"பதில் சொன்னது அக்கா இல்ல மாப்ள, மாமா. வீட்டுக்கே ஒரு போன், அது அவரு சட்டைப்பையில. 'அவ நல்லாத் தூங்குறா, அவளுக்கென்ன கவலை'ன்னுருக்காரு. எம்புட்டு வீட்ல இப்படியோ! பச்சையப் பாத்துட்டு, அக்காகிட்ட போனக் குடுங்கன்னு நான்கூடக் கேக்கல."

பஸ் காளவாசல் சிக்னலில் நின்றது.

"இப்ப அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாருக்காம்."

"யாரு சொன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமாதான்."