குறுக்கிடாத கூட்டம்

அன்று கூட்டம் ஆறு பத்துக்குத் தொடங்கியது. நாற்காலிகள் போதவில்லை. பக்கத்து அறையிலிருந்து நான்தான் தூக்கி வந்து போட்டேன்.

பதினோரு வருடமாக அந்த நூலக மாடியில் புது எழுத்தாளர்களை வாசிக்க வைக்கிறேன், ஐயா. கதை ஒரு வாரம் முன்பே என் கைக்கு வந்துவிட வேண்டும். மேடை ஏறுமுன் பை, கைபேசி எல்லாம் என் மேசைக்கு வர வேண்டும். வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. தும்மலைக்கூட அடக்கிக்கொள்ளும் கூட்டம் அது. நான் பழக்கியது.

அன்று கடைசியாக வாசித்தவள் என் தங்கை. அவளுடைய முதல் கதை. அதில் ஒரு அப்பா மூச்சுத் திணறிச் சாகிறார். மகன் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். எங்கள் அப்பாவும் மூச்சுத் திணறித்தான் போனார். அப்போது வீட்டில் இருந்தவன் நான் மட்டும்தான். வேறு கதை வாசி என்று நயமாகவும் சொன்னேன், மிரட்டியும் சொன்னேன்.

"வெறும் கதைதானேண்ணா. உனக்கு ஏன் சுடுது?" என்றாள்.

சுடவில்லை. பொய்யை எழுதினாள் என்பதுதான் என் குறை. பெற்றவர் துடிக்கும்போது எந்த மகனும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான்.

அப்பாவின் ஆஸ்துமா அவளுக்கும் உண்டு. பதற்றம் வந்தால் இழுக்கும். இன்ஹேலரை மட்டும் மேடைக்கு எடுத்துப் போகிறேன் என்றாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். பையை வைத்துவிட்டு ஏறினாள். அதிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான்காம் பக்கத்தில் இழுப்பு வந்தது. கதையிலும் அப்பா திணறும் இடம். மருந்தைக் கொடு என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். தாளிலும் அந்த வரி இருந்தது. என்ன வாசிப்பு என்று முன்வரிசையிலிருந்த ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாராவது எழுந்திருக்கலாம். அறுபது பேர். ஒருவரும் எழவில்லை. என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? மூச்சு அடங்க ஏழு நிமிடம் ஆகும். அப்பாவுக்கும் அவ்வளவுதான் ஆனது.

அவள் மேடையிலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள். கதையின் முடிவே அதுதான் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அது தாளில் இல்லாத வரி என்று எனக்கு மட்டும் தெரியும்.

"இது கதை இல்லண்ணா."