ஆறாவது மாடியில ரெண்டு கட்சி

இல்ல சார், கயிறெல்லாம் அறுந்து விழாது, அதெல்லாம் சினிமாவுல. மொத்தம் ஆறு கயிறு, ஒண்ணே தாங்கும். லைட்டு எரியுதில்ல, ஃபேன் சுத்துதில்ல? அப்புறம் என்ன பயம். நான் மொட்டைமாடி மெஷின் ரூம்லதான் இருக்கேன். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிக்குறீங்க. ஒரு பத்து நிமிஷம். இந்த இண்டர்காமை மட்டும் விட்டுடாதீங்க, பேசிக்கிட்டே இருப்போம்.

ஆறாவது மாடி ஆபீஸ்தானே நீங்க? கதவுல பேரே போடாத கம்பெனி. எப்படித் தெரியும்னா? இந்தக் கட்டடத்துக்கு லிப்ட், ஜெனரேட்டர், மெயின் போர்டு எல்லாம் பதினோரு வருஷமா நான்தான் சார்.

சும்மா நிக்குற நேரத்துக்கு ஒண்ணு கேக்கறேன். அந்தப் படம் இருக்கே, மூணு பாகம் வந்து இப்ப நாலாவது வரப்போகுதே. அதுல உங்களுக்குப் பழைய ஹீரோவா, புது ஹீரோவா? பாத்தீங்களா, மழுப்பறீங்க. நான் பழையவரு பக்கம். முதல் ரெண்டு பாகத்தைத் தூக்கி நிறுத்தின மனுசனைத் தூக்கிட்டு எவனையோ போட்டா வயிறு எரியாதா? போன்ல, ரசிகருங்க எழுதற பக்கத்துல, ஒரே சண்டைதான். எங்க அண்ணன் புதுசு பக்கம். ஆமா, கூடப்பிறந்தவர்தான். ஒரே வீடு, மேல அவரு, கீழ நான். வீட்டுல சிரிச்சுக்கிட்டே திட்டிக்குவோம், போன்ல நெஜமாவே திட்டிக்குவோம்.

அங்க எங்க கட்சிக்குப் பழைய வாள்னு பேரு வச்சுக்கிட்டு ஒருத்தன், அவங்க கட்சிக்குப் புது வேங்கைன்னு ஒருத்தன். சண்டை கொஞ்சம் அடங்குனா இவங்க ரெண்டு பேரும்தான் ஊதி விடுவாங்க. நான் ஒரு சந்தேகப் பிராணி சார், என் வீட்டுக்காரி அப்படித்தான் சொல்லுவா. எனக்கு என்ன உறுத்துச்சுன்னா, ரெண்டு பேரும் காலைல பத்து மணிக்கு மேலதான் வாயத் தொறக்கறாங்க. ஒண்ணரைக்கு மூடறாங்க, ரெண்டேகாலுக்கு மறுபடி தொறக்கறாங்க. ஞாயித்துக்கிழமை மூச்சு பேச்சில்ல. ரசிகனுக்கு ஏது சார் ஞாயித்துக்கிழமை லீவு? எனக்கெல்லாம் அன்னிக்குத்தான் நல்லாத் திட்ட வரும்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், உங்க மாடி போர்டுல ஒயரு கருகிப்போச்சுன்னு கரண்டைக் கட் பண்ணேன். நாப்பது நிமிஷ வேலை. முடிச்சுட்டு வந்து போனைப் பாக்கறேன், அந்த நாப்பது நிமிஷமும் வாளும் பேசல, வேங்கையும் பேசல. ஒரு திட்டு பாதியிலயே நிக்குது! கரண்டு வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா வந்து குதிச்சாங்க. ஏதோ தற்செயலா நடந்திருக்கும்னு நெனச்சேன். சரி பாத்துடுவோம்னு அடுத்த வாரமும் கட் பண்ணேன். அதுக்கடுத்த வாரமும். ஆமா சார், அது நான்தான். உங்க மேனேஜர் புகார் கூட எழுதிக் குடுத்தாரே, அதை வாங்கி வச்சதும் நான்தான்.

அந்த ரெண்டு பேரும் ஒரே மேசையா? என்ன? சத்தமா சொல்லுங்க, இது கரகரங்குது. அட! ரெண்டும் நீங்களேவா? இன்னொருக்கா நல்லாச் சொல்லுங்க. வாளும் நீங்கதான், வேங்கையும் நீங்கதான். சரி, சரி.

படத்துக்கு விளம்பர வேலைதானே செஞ்சேங்கறீங்க. நான் தப்புன்னு சொல்லலியே. திட்டினாலும் படத்துப் பேரைச் சொல்லித்தானே திட்டணும்! சுவத்துல போஸ்டர் ஒட்டணும்னா ஆளு வேணும், பசை வேணும், ஏணி வேணும். எங்களுக்கு ஒண்ணும் வேணாம், கொஞ்சம் ரோஷம் இருந்தாப் போதும். மூணு வருஷமா உங்களுக்குச் சம்பளமில்லாம உழைச்சிருக்கேன், சொந்த வீட்டுல ஓடாத ஃபேனைக் கழட்டிப் பாக்க நேரமில்லாம.

எட்டு மாசம் முன்னாடி அண்ணன் என்னைக் கிண்டல் பண்ணி ஒண்ணு போட்டாரு. கொதிச்சுப்போய் உக்காந்திருக்கேன். பழைய வாள் தனியா மெசேஜ் அனுப்புது: அண்ணே, அவரைப் பத்தி உங்களுக்கு வேற என்னமோ தெரியும் போலிருக்கே, விடாதீங்க, போடுங்க. ஞாபகம் இருக்கா? எங்க இருக்கப் போகுது, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அனுப்புவீங்களோ.

போட்டேன் சார். முதல் பாகம் வந்த அன்னிக்கு அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பாத்துக்கச் சொன்னா, ஓடிப்போய்ட்டு வந்துடலாம்னு அண்ணன் தியேட்டருக்குப் போயிட்டாரு. திரும்பி வந்தா அப்பா இல்ல. அதை என்கிட்ட மட்டும்தான் சொல்லி அழுதாரு, அம்மாவுக்கே தெரியாது. பழையவரைப் பாக்க அப்பனையே விட்டுட்டுப் போனவன் இன்னிக்குப் புதுசுக்குக் கொடி பிடிக்கறான்னு எழுதினேன். பொழுது சாயறதுக்குள்ள நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க. அப்பனை விட்டுட்டு வந்து பாக்க வச்ச படம்டா இதுன்னு வாள் அதையே பெருமையா எடுத்துப் போட்டுச்சு. மறுநாள் நாலாவது பாகத்துக்கு முதல் டிரெய்லர் வந்துச்சு. நல்ல கூட்டமாமே?

அன்னியிலேருந்து அண்ணன் என்கிட்ட பேசறதில்ல. அம்மா மேலயும் சாப்பிடறதில்ல, கீழயும் சரியா சாப்பிடறதில்ல. வர்ற வெள்ளிக்கிழமை அவரு வீட்டையே காலி பண்ணிட்டுப் போறாரு. எனக்குத் தாங்கல சார்.

லிப்டா? லிப்ட்ல ஒரு கோளாறும் இல்ல, நான்தான் சுவிட்சை அணைச்சேன். இதோ போட்டுட்டேன், ஏறுது பாருங்க. புகார் பண்ணுங்க, வேலை போனாலும் பரவாயில்ல. நேருல வந்து கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா? கேக்க வேண்டியவரு கேட்டுட்டாரு. என் போன் இங்க பக்கத்துலயே ஓடிக்கிட்டிருக்கு. அந்தப் பக்கம் எங்க அண்ணி ஸ்பீக்கர் போட்டு அண்ணன் முன்னால வச்சிருக்காங்க.

அண்ணே. இருக்கியா? கேட்டியாண்ணே? எல்லாம் இந்த ஆளு வேலை. இவன்தான் அங்கயும் பேசியிருக்கான், இங்கயும் பேசியிருக்கான். நம்மள மோத விட்டுட்டு இவன்...

என்ன?

இல்லண்ணே, அப்பா விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும். அவன் கேக்கத்தான் செஞ்சான்.

ஆமாண்ணே. எழுதினது நான்தான்.